கல்லின் வயதும் மலையின் வயதும்: வாசகர் கேள்வி பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பாறைகளைப் பற்றி இந்தப் பகுதிக்கு வந்துள்ள கடிதங்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைப் பல முனைகளிலிருந்து எழுப்புகின்றன. இந்தக் கல்லுக்கு என்ன வயது, அதை எதைக் கொண்டு சொல்கிறார்கள், அந்த வயதிலிருந்து மலையின் கதையை எப்படி எழுதுகிறார்கள் என்பதே அந்தக் கேள்வி. ஒன்றன் விடை மற்றொன்றுக்குத் தேவைப்படுவதால், அவற்றை ஒரே இதழில் வரிசைப்படுத்தித் தந்திருக்கிறோம்.

கேள்வி: ஒகேனக்கல்லில் உள்ள பாறைகள் உலகிலேயே மிகப் பழமையானவை என்று சுற்றுலா வருபவர்களிடம் சொல்லப்படுகிறது. இது உண்மையா? (பென்னாகரம் வாசகர்)

பதில்: அப்படியே எடுத்துக்கொண்டால் உண்மையில்லை. ஆனால் அந்தப் பேச்சு வெறும் கற்பனையிலிருந்தும் பிறக்கவில்லை. ஒகேனக்கல் வட்டாரத்தில் கார்பனடைட் என்னும் அரிய தீப்பாறை சிறு சிறு திரள்களாகக் காணப்படுகிறது. பார்ப்பதற்குச் சுண்ணாம்புக்கல்லைப் போலவோ சலவைக்கல்லைப் போலவோ இருக்கும் இந்தப் பாறை, பூமியின் மேலோட்டுக்குக் கீழேயுள்ள மூடகத்திலிருந்து எழுந்த, கார்பனேட் கனிமங்கள் செறிந்த பாறைக்குழம்பு இறுகி உருவானது. அமிலம் பட்டால் நுரைக்கும். சமாரியம், நியோடிமியம் என்னும் இரு தனிமங்களின் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபடும் அணுவகைகளை) அளந்து, இதன் வயது சுமார் 240 கோடி ஆண்டு என்று கணித்துள்ளனர். உலகிலுள்ள கார்பனடைட்டுகளில் பெரும்பாலானவை இதைவிட மிகவும் இளையவை என்பதால், மிகப் பழைய கார்பனடைட்டுகளின் சிறு பட்டியலில் ஒகேனக்கல் இடம்பெறுகிறது. அந்தப் பட்டியலிலும் முதலிடம் இதற்கில்லை. பின்லாந்தின் சீலின்யார்வி சுமார் 260 கோடி ஆண்டும், கிரீன்லாந்தின் துபெர்தாலிக் சுமார் 300 கோடி ஆண்டும் பழமையானவை.

எல்லா வகைப் பாறைகளையும் கணக்கில் கொண்டால் ஒகேனக்கல் இன்னும் பின்னுக்குப் போய்விடும். கனடாவின் அகாஸ்டா நைஸ் (வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய வரிப்பாறை) பாறைக்கு வயது சுமார் 403 கோடி ஆண்டு. நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்துக் கொரூர் பாறைகள் 330 கோடி ஆண்டைத் தாண்டியவை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பரிசலில் போகிறவர்கள் இருபுறமும் அண்ணாந்து பார்க்கும் உயர்ந்த பாறைச் சுவர்கள் பெரும்பாலும் நைஸ், அது ஆழத்து வெப்பத்தில் மாறி உருவாகும் சார்னகைட் ஆகிய வகைகளைச் சேர்ந்தவை. கார்பனடைட்டின் புகழை அவை வாங்கிக்கொண்டிருக்கின்றன என்றாலும், வயதில் அவை கார்பனடைட்டுக்கு மூத்தவைதான்.

கேள்வி: பர்கூர் வட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்புக் காலச் சான்றுகளுக்கு கரிமக் காலக்கணிப்பு மூலம் கி.மு. 2172 என்று ஆண்டு வரை சொன்னார்கள். அதே முறையில் அங்குள்ள பாறையின் வயதையும் சொல்லிவிடலாமே? (பர்கூர் கல்லூரி மாணவி)

பதில்: சொல்ல முடியாது. கரிமம்-14 என்பது உயிருள்ளவை காற்றிலிருந்தும் உணவிலிருந்தும் பெற்றுக்கொள்ளும் பொருள். உயிர் போன பிறகு அதன் வரவு நின்று, சிதைவு மட்டும் தொடர்கிறது. மயிலாடும்பாறையில் அளக்கப்பட்டது கரி போன்ற உயிர்ப்பொருளின் எச்சம். தீப்பாறையில் அத்தகைய எச்சம் எதுவும் இல்லை. அது இருந்தாலும் பயனில்லை. கரிமம்-14 பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகிறது. 50,000 ஆண்டு கழிந்தால், தொடக்கத்தில் இருந்ததில் ஆயிரத்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல்தான் எஞ்சியிருக்கும். கோடி ஆண்டுகளை அளக்க, அந்த அளவுக்கு மெதுவாகச் சிதையும் பொருள் வேண்டும்.

அதற்குக் கிடைத்த மிகச் சிறந்த பொருள் யுரேனியம். 1907இல் அமெரிக்க வேதியியலாளர் பெர்ட்ரம் போல்ட்வுட் யுரேனியம் கடைசியில் காரீயமாக மாறுவதைக் கொண்டு கனிமங்களின் வயதைக் கணித்தார். 1911இல் ஆங்கிலேய நிலவியலாளர் ஆர்தர் ஹோம்ஸ் அதே வழியில் பாறைகளின் காலத்தைக் கணிக்கத் தொடங்கினார். ஐசோடோப்பு என்பது என்னவென்றே சரியாகத் தெரியாத காலம் அது என்பதால் அந்த எண்கள் தோராயமானவையாகவே இருந்தன. ஆனாலும் பூமியின் வயது சில கோடி ஆண்டுகள்தான் என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் வாயை அவை அடைத்தன.

இன்று இந்த வேலைக்குப் பெரிதும் பயன்படுவது சிர்கான் என்னும் சிறு கனிமம். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடல் மணலிலிருந்து பிரித்தெடுக்கிறார்களே, அதே கனிமம்தான். கிரானைட்டிலும் நைஸிலும் இது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நீளமுள்ள மணிகளாகச் சிதறிக் கிடக்கிறது. பாறைக்குழம்பிலிருந்து சிர்கான் படிகமாகும்போது யுரேனியத்தைத் தன் கட்டமைப்புக்குள் ஏற்றுக்கொள்கிறது, காரீயத்தை ஏறக்குறைய முற்றிலும் ஒதுக்கிவிடுகிறது. ஆகவே பிற்காலத்தில் அதற்குள் காணப்படும் காரீயம் அந்தப் படிகத்துக்குள்ளேயே சிதைவில் பிறந்தது என்று கொள்ளலாம். யுரேனியம்-238 பாதியாகக் குறைந்து காரீயம்-206 ஆவதற்கு 446.8 கோடி ஆண்டும், யுரேனியம்-235 பாதியாகக் குறைந்து காரீயம்-207 ஆவதற்கு 70.4 கோடி ஆண்டும் ஆகின்றன. 250 கோடி ஆண்டு வயதான, எதையும் இழக்காத ஒரு சிர்கானில், எஞ்சியுள்ள ஒவ்வொரு 100 யுரேனியம்-238 அணுவுக்கும் சுமார் 47 காரீயம்-206 அணு இருக்கும். யுரேனியம்-235 அணு ஒன்றுக்கோ கிட்டத்தட்ட 11 காரீயம்-207 அணு இருக்கும். ஒரே மணிக்குள் வேறுவேறு வேகத்தில் ஓடும் இந்த இரண்டு கணக்கும் ஒரே வயதைக் காட்டினால் அந்த எண்ணை நம்பலாம். காட்டாவிட்டால் இடையில் காரீயம் வெளியேறியிருக்கிறது என்று பொருள். மற்ற முறைகளில் இல்லாத இந்தத் தற்சோதனைதான் யுரேனியம்–காரீய முறைக்குத் தனி மதிப்பைத் தருகிறது.

கேள்வி: கிருஷ்ணகிரிக்கு அருகில் எங்கள் உறவினரின் குவாரி வெட்டு முகத்தில் நான்கு வகைக் கல் ஒன்றாகத் தெரிகிறது. சாம்பலும் வெள்ளையுமாக வரி ஓடும் கல். அதற்குள் திட்டுத்திட்டாகப் பச்சை கலந்த கருமை. இவற்றைக் குறுக்கே வெட்டி ஓடும் இளஞ்சிவப்புக் கல் நரம்புகள். கடைசியாக, எல்லாவற்றையும் பிளந்துகொண்டு நேராகப் போகும் பத்தடி அகலக் கருப்புக்கல். இவற்றில் எது மூத்தது? (கிருஷ்ணகிரி வாசகர்)

பதில்: கருவியே இல்லாமல் பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். வெட்டுவது இளையது, வெட்டப்படுவது மூத்தது. எந்த ஆய்வகத்துக்குப் போவதற்கு முன்பும் நிலவியலாளர் முதலில் எழுதிக்கொள்ள வேண்டிய வரிசை இதுதான். இந்த வரிசைக்கு மாறாக ஆய்வகத்திலிருந்து ஓர் எண் வந்தால், சந்தேகப்பட வேண்டியது எண்ணைத்தானே தவிரக் குவாரிச் சுவரை அல்ல. எண்களில் மயங்கி இந்த வரிசையை மறந்துவிடும் கட்டுரைகள் இன்றும் வருகின்றன.

வரி ஓடும் கல் நைஸ். கல் வணிகத்தில் இதன் நெளிந்த, பல வண்ண வகைகளுக்குக் கவர்ச்சியான ஏற்றுமதிப் பெயர்கள் உண்டு. இந்த வட்டாரத்து நைஸின் மூலம், பூமியின் ஆழத்தில் இறுகிய கிரானைட் வகைத் தீப்பாறைதான். அதன் சிர்கான் மணிகளின் உட்கருக்கள் சுமார் 253 கோடி முதல் 255 கோடி ஆண்டு வரையான வயதைக் காட்டுகின்றன. அதாவது, மலைத்தொடர் ஒன்று உருவாகிக்கொண்டிருந்த காலத்தில், அதன் அடிப்பகுதியில் புதிதாகப் பாறைக்குழம்பு புகுந்து இறுகியிருக்கிறது.

பச்சை கலந்த கரிய திட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் புதிய முகத்தைப் பாருங்கள். மற்ற இடங்களில் வெள்ளையாகத் தெரியும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் என்னும் கனிமங்கள் இங்கே எண்ணெய்ப் பளபளப்போடு பச்சையும் பழுப்புமாகத் தெரியும். நைஸின் வரிகள் திட்டுக்குள் நுழைந்ததும் மங்கிக் கரைந்துவிடும், மணிகள் பருத்திருக்கும். இதுவே சார்னகைட். கல்கத்தாவை நிறுவியவராகச் சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் நம் பல்லாவரம் பகுதிக் கல்லும் ஒன்றே என்று கண்ட தாமஸ் ஹாலந்து, 1893இல் அவர் பெயரையே இந்தப் பாறைக்கு வைத்தார். இவ்வளவு பெயர் பெற்ற பாறை எப்படி உருவாகிறது என்பதற்கான தடயம், கிருஷ்ணகிரிக்கு மேற்கே கர்நாடகத்துக் கப்பல்துர்க்கத்தில் கிடைத்தது. வரி ஓடும் நைஸ் அங்கே கண்ணெதிரே சார்னகைட்டாக மாறுவதை 1960இல் சி.எஸ். பிச்சமுத்து விவரித்தார். நைஸில் உள்ள ஹார்ன்பிளெண்டு, கருப்பு மைக்கா ஆகிய கனிமங்களின் கட்டமைப்பில் நீர் உண்டு. வெப்பம் 700, 800 டிகிரி செல்சியஸை எட்டும் ஆழத்தில், நீர் வெளியேற்றப்பட்டால் அவை சிதைந்து, நீரில்லாத பைராக்சீன் உருவாகிறது. நீரை வெளியேற்றியது கீழிருந்து ஏறிய கரியமில வாயுவா, உப்புச் செறிந்த பாய்மமா என்ற வாதம் பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. இரண்டும் வெவ்வேறு அளவில் பங்கு வகித்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. எப்படியானாலும், உங்கள் உறவினரின் குவாரி நைஸ் பாறை சார்னகைட்டாக மாறும் எல்லைப் பட்டையில் அமைந்திருக்கிறது. அந்த மாற்றம் நடந்தது சுமார் 250 கோடி ஆண்டுக்கு முன்.

இளஞ்சிவப்பு நரம்புகள் இதே நிகழ்வின் பிற்பகுதியில் உருகி ஊடுருவிய கிரானைட்டாக இருக்கலாம். கர்நாடகத்தில் ராமநகரத்தின் புகழ்பெற்ற பாறைக் குன்றுகளை உள்ளடக்கி, வடக்குத் தெற்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நீளும் குளோஸ்பேட் கிரானைட்டும் இந்தக் காலத்தைச் சேர்ந்ததுதான். அதன் சிர்கான் வயது 251.3 கோடி ஆண்டு, கூட்டல் கழித்தல் 50 லட்சம் ஆண்டு.

கடைசியாகக் கருப்புக்கல். சந்தையில் இதைக் கருப்பு கிரானைட் என்று விற்றாலும் இது கிரானைட் அல்ல, டோலரைட் என்னும் வேறு வகைத் தீப்பாறை. பாறையில் ஏற்பட்ட நீண்ட பிளவுக்குள் உருகிய குழம்பு புகுந்து சுவர்போல் இறுகியதை டைக் என்பார்கள். அதன் ஓரத்தைக் கைவிரலால் தடவிப் பாருங்கள். விளிம்பில் மணியே தெரியாத அளவுக்கு நுண்ணியதாகவும், நடுவே போகப் போக மணி பருத்தும் இருந்தால், சூடான குழம்பு குளிர்ந்த பாறைக்குள் புகுந்து விளிம்பில் சட்டென்று இறுகியது என்று பொருள். இந்தச் சின்ன அடையாளத்துக்குள் பெரிய செய்தி அடங்கியிருக்கிறது. 20 கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்தில் கொதித்துக் கிடந்த பாறை, டைக் புகுந்த காலத்துக்குள் ஆறிப் போயிருந்தது என்பதே அது. பெங்களூரு வட்டாரத்தில் ஓடும் டைக் கூட்டம் ஒன்றின் வயது சுமார் 236.6 கோடி ஆண்டு. டோலரைட்டில் சிர்கான் அரிது என்பதால், பேடிலியைட் என்னும் அதைவிட நுண்ணிய கனிமத்தைத் தேடிப் பிடித்து இதை அளந்தார்கள். உங்கள் குவாரிக் கருப்புக்கல் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததா, அதற்குப் பின் வந்த டைக்குகளில் ஒன்றா என்பதை நிறத்தையும் பருமனையும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அதற்கு அளவீடு வேண்டும்.

கேள்வி: ஒரே பாறைக்கு ஒரு கட்டுரையில் 250 கோடி ஆண்டு என்றும் இன்னொன்றில் அதைவிடப் பல கோடி ஆண்டு குறைவாகவும் வயது போட்டிருக்கிறார்கள். இரண்டில் ஒன்று தவறுதானே? (தருமபுரி ஆசிரியர்)

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். நிலம் வாங்குவதற்கு முன் வில்லங்கச் சான்று எடுத்துப் பார்க்கிறோம். அதில் உள்ள தேதிகள் கிரயம், அடமானம், பாகப்பிரிவினை என்று ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உரியவை, எந்தத் தேதியும் நிலத்தின் பிறந்த நாள் அல்ல. பாறையிலிருந்து பெறும் வயதுகளையும் அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

ஒவ்வொரு கனிமமும் தன்னுள் பிறந்த சிதைவுப் பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளத் தொடங்கும் வெப்பநிலை ஒன்று உண்டு. அதற்கு மேலான வெப்பத்தில் அந்தப் பொருள் கசிந்து வெளியேறிவிடும், கணக்கு ஓடாது. காரீயத்தைச் சிர்கான் 900 டிகிரியைத் தாண்டிய வெப்பத்திலும் விடாமல் பிடித்துக்கொள்கிறது. பொட்டாசியம்-40 சிதைந்து பிறக்கும் ஆர்கான் வாயுவை ஹார்ன்பிளெண்டு சுமார் 500 டிகிரிக்குக் கீழேயும், கருப்பு மைக்கா சுமார் 300 டிகிரிக்குக் கீழேயும்தான் தக்கவைக்கின்றன. ஆகவே ஒரே கல்லில் சிர்கான் தருவது குழம்பு இறுகிய காலத்தை, ஹார்ன்பிளெண்டு தருவது ஓரளவு ஆறிய காலத்தை, மைக்கா தருவது இன்னும் ஆறிய காலத்தை. இந்த மூன்று வயதுகளையும் வெப்பநிலைகளோடு சேர்த்து வரைந்தால் பாறை எவ்வளவு வேகமாகக் குளிர்ந்தது, அதாவது எவ்வளவு வேகமாக மேலே எழுந்தது என்று தெரியும். மலைத்தொடரின் வரலாற்றை எழுதுகிறவருக்கு உண்மையில் வேண்டியது இந்த வரைகோடுதான்.

சிக்கல் இன்னொன்றும் உண்டு. ஒரே சிர்கான் மணிக்குள்ளேயே இரண்டு காலங்கள் இருக்கலாம். மணியைப் பாதியாகத் தேய்த்து, எலக்ட்ரான் கற்றை பட்டால் எழும் ஒளிர்வில் பார்த்தால், மெல்லிய வளர்ச்சிக் கோடுகள் கொண்ட உட்கருவும், அதைச் சுற்றிக் கோடுகளே இல்லாத ஒரு விளிம்பும் தெரியும். உட்கரு பாறைக்குழம்பில் வளர்ந்தது, விளிம்பு பிற்கால வெப்பத்தில் அதன் மேல் ஏறியது. முன்பு மணிகளை மொத்தமாகக் கரைத்து அளந்தபோது இரண்டும் கலந்து, எந்த நிகழ்வுக்கும் உரியதல்லாத ஒரு நடுவயது வந்துவிடும் ஆபத்து இருந்தது. 1980ஆம் ஆண்டு வாக்கில் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் காம்ப்ஸ்டன் குழுவினர் உருவாக்கிய ஷ்ரிம்ப் என்னும் அயனிக் கற்றைக் கருவி, மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அகலப் புள்ளியை மட்டும் தனியே அளக்க வழி செய்தது. உட்கரு, விளிம்பு இரண்டையும் தனித்தனியே கேட்டு எழுத முடிந்தது அதன் பிறகுதான். பழைய கட்டுரைகளில் உள்ள வயதுகளை எடுத்துச் சொல்லும்போது எந்தக் கனிமம், எந்த முறை, மணியின் எந்தப் பகுதி என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்பதே மாணவர்களுக்கு நான் எப்போதும் வைக்கும் வேண்டுகோள்.

கேள்வி: வேப்பனப்பள்ளிப் பகுதிக்கும் கோலார் தங்க வயலுக்கும் பாறைத் தொடர்பு உண்டு என்கிறார்களே? (வேப்பனப்பள்ளி வாசகர்)

பதில்: உண்டு. 2001இல் மூடப்பட்ட கோலார் சுரங்கங்கள் தோண்டப்பட்ட கரிய ஷிஸ்ட் (தகடு தகடாகப் பிரியும் உருமாறிய பாறை) பட்டை வடக்குத் தெற்காக ஓடி, அதன் தென்முனை உங்கள் பகுதிக்குள் இறங்குகிறது. தங்கத்தைவிட நிலவியலாளருக்குச் சுவையானது அந்தப் பட்டையின் இரு பக்கங்களிலும் உள்ள நைஸ்கள். மேற்குப் பக்க நைஸ்களின் வயது சுமார் 263 கோடி முதல் 255 கோடி ஆண்டு வரை நீள்கிறது. அதோடு, அவற்றின் காரீய ஐசோடோப்பு விகிதங்களில் 300 கோடி ஆண்டைத் தாண்டிய இன்னும் பழைய மேலோட்டின் சாயல் தெரிகிறது. கிழக்குப் பக்கத்துக்கு வயது சுமார் 253 கோடி ஆண்டு, அதில் அத்தகைய பழைய சாயல் இல்லை. பட்டையைக் குறுக்கே கடந்தால் சில கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டு பக்கங்களும் வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு அடித்தளத்தின் மேல் பிறந்தவை. ஆகவே இரு நிலத்துண்டுகள் 253 கோடி ஆண்டுக்குப் பிறகு வந்து மோதி ஒட்டிய தையல் கோடு இது என்று 1989இல் அமெரிக்க ஆய்வாளர்களும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து வாதிட்டனர். இன்று நிலத்தட்டுகள் நகர்ந்து மோதுவதுபோல் அன்றும் மோதினவா என்ற உலகளாவிய கேள்விக்குக் கோலார் ஒரு முக்கியச் சான்றாயிற்று. நிலத்துண்டுகள் மோதும் இடத்தில் மேலோடு தடிக்கும், தடித்தால் அடிப்பகுதி சூடாகும். முந்தைய கேள்வியின் குவாரியில் பார்த்த 250 கோடி ஆண்டு வெப்பத்தை இந்த மோதலோடு சேர்த்தே படிக்க வேண்டும்.

கேள்வி: ஏலகிரி எரிமலையா? சாமல்பட்டியில் இருப்பதும் எரிமலைக் கல்லா? (ஊத்தங்கரை வாசகர்)

பதில்: இரண்டும் எரிமலை அல்ல. ஏலகிரியின் சயனைட் (நஞ்சான சயனைடு அல்ல, கிரானைட் போன்ற ஒரு பாறை), சாமல்பட்டி, சேவத்தூர் ஆகிய இடங்களின் சயனைட், பைராக்சினைட், கார்பனடைட் எல்லாம் நிலத்துக்கடியிலேயே இறுகிய தீப்பாறைகள். ரூபிடியம் சிதைந்து ஸ்ட்ரான்சியமாவதை அளக்கும் முறையில் ஏலகிரிக்கும் சேவத்தூருக்கும் 75 கோடி முதல் 78 கோடி ஆண்டு வரை வயது கிடைத்திருக்கிறது. ரோடினியா என்னும் பழைய பெருங்கண்டம் உடைந்துகொண்டிருந்த காலம் அது. ஒகேனக்கல் கார்பனடைட்டையும் சேவத்தூர் கார்பனடைட்டையும் மேசையில் அருகருகே வைத்தால் நெருங்கிய உறவினர் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் இடையே 160 கோடி ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருக்கிறது.

கேள்வி: கிழக்குத் தொடர்ச்சி மலை இமயத்தைவிடப் பழையது என்று பாடம் நடத்துகிறோம். அப்படியானால் சித்தேரி, வத்தல்மலை, சேர்வராயன் மலைகள் 250 கோடி ஆண்டாக இப்படியே நிற்கின்றனவா? (அரூர் ஆசிரியை)

பதில்: நிற்கவில்லை. இந்தக் கேள்வியை எழுப்பியதற்கு நன்றி, ஏனென்றால் பாடப்புத்தகச் சொற்றொடர் இரண்டு வயதுகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறது. பாறையின் வயது வேறு, அந்தப் பாறையில் செதுக்கப்பட்ட மலையின் வயது வேறு. இமயத்திலும் கோடிக்கணக்கான ஆண்டுப் பழமையான பாறைகள் இருக்கின்றன. ஆனால் இந்திய நிலத்தட்டு ஆசியாவோடு மோதத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்புதான் என்பதால், மலை என்ற அளவில் அது இளையது.

நம் பக்கம் நடந்ததை இப்படிச் சொல்லலாம். 250 கோடி ஆண்டுக்கு முன் இங்கே ஒரு மலைத்தொடர் இருந்தது. அதன் சிகரங்களில் ஒரு துண்டுகூட இன்று எஞ்சவில்லை. நாம் மிதித்து நடப்பது அந்த மலைத்தொடரின் வேர். சார்னகைட்டில் உள்ள கனிமங்களின் வேதியியல் சேர்க்கையிலிருந்து அவை எந்த அழுத்தத்தில் உருவாயின என்று கணக்கிட முடியும். அந்த அழுத்தம் 20 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தைக் காட்டுகிறது. அந்த ஆழத்துக்கு மேலே இருந்த அத்தனை பாறையும் அரித்துக் கொண்டுபோகப்பட்ட பிறகே இந்தக் கல் வெயிலைப் பார்த்தது. கிருஷ்ணகிரியிலிருந்து தருமபுரி, தொப்பூர் வழியாகச் சேலம் போகும் நெடுஞ்சாலையில் தெற்கே போகப் போக இந்த அழுத்தம் கூடிக்கொண்டே போகிறது. பண்டைய மேலோடு வடக்கே தாழ்ந்தும் தெற்கே உயர்ந்தும் சாய்ந்தபடி அரிக்கப்பட்டிருப்பதால், தெற்கே அதன் ஆழமான அடுக்குகள் மேலே வந்துள்ளன. சாலையில் போகிறவர் தெற்கு நோக்கிப் போகிறார், நிலவியல் கணக்கில் பூமிக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறார். தொப்பூர் கணவாயில் சாலைக்காக வெட்டிய பாறை முகங்களில் இதைக் காணலாம். வேகமாக வரும் லாரிகளுக்கு இடையே வண்டியை நிறுத்திப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன், பக்கத்துக் கரடுகளிலும் இதே பாறைதான்.

இன்று நாம் காணும் மலைகள், இந்த வேர்ப்பாறை மிகப் பிற்காலத்தில் உயர்ந்து, காவிரியும் தென்பெண்ணையும் அவற்றின் கிளைகளும் அரித்ததால் உருப்பெற்றவை. சேர்வராயன் மேட்டில் 1,500 மீட்டர் உயரத்தில் கிடைக்கும் பாக்சைட் என்னும் அலுமினியத் தாது, நீண்ட காலம் மழையிலும் வெப்பத்திலும் சிதைந்த பழைய நிலப்பரப்பின் எச்சம். அந்த நிலப்பரப்பு தாழ்வாகவும் சமமாகவும் இருந்து பின்பு உயர்த்தப்பட்டதன் அடையாளம் அது.

பாடத்தில் திருத்தம் செய்ய வேண்டிய இன்னோர் இடமும் உண்டு. வரைபடத்தில் ஒரே பெயரில் வரும் கிழக்குத் தொடர்ச்சி மலை, பாறை வயதின்படி ஒரே தொடர் அல்ல. ஆந்திரத்தின் வடபகுதியிலும் ஒடிசாவிலும் உள்ள தொடரில் பெரும் வெப்ப நிகழ்வு நடந்தது சுமார் 100 கோடி முதல் 90 கோடி ஆண்டுக்கு முன். தருமபுரி, சேலம் மலைகளில் அது 250 கோடி ஆண்டுக்கு முன். காவிரிக்குத் தெற்கே போனால் மதுரை, பழனி வட்டாரப் பாறைகளில் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முந்தைய இன்னொரு நிகழ்வின் முத்திரை அழுத்தமாக விழுந்திருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங்கும் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் பழைய சேலம் மாவட்டத்தின் பாறைகளை விவரித்து 1864இல் அறிக்கை வெளியிட்டபோது, இவை எல்லாம் அவர்கள் கண்ணுக்கு ஏறக்குறைய ஒரே நைஸ் பாறையாகத்தான் தெரிந்தன. புதைபடிவம் இல்லாத பாறைகளைக் காலத்தால் பிரித்தறிய, எது எதை வெட்டுகிறது என்று பார்ப்பதைத் தவிர அன்று வழியில்லை.

கேள்வி: எங்கள் ஊர்க் கரட்டுக் கல்லின் வயதை அறிய மாதிரி அனுப்பலாமா? எப்படி எடுக்க வேண்டும்? (பாலக்கோடு பள்ளி அறிவியல் மன்றம்)

பதில்: தனியாக ஒரு கல்லை அனுப்பினால் ஆய்வகங்கள் பொதுவாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஏதேனும் ஒரு பல்கலைக்கழக நிலவியல் துறையோடு சேர்ந்து, ஒரு கேள்வியை முன்வைத்துப் போவதே வழி. ஐதராபாத்தின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களில் இத்தகைய அளவீடுகள் நடக்கின்றன. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறை உங்களுக்குப் பக்கம்.

மாதிரி எடுப்பதாக இருந்தால், மேலே பழுப்பேறிய தோலைத் தட்டி நீக்கி, உள்ளே புதிதாக உடைந்த கல்லில் ஐந்து கிலோ அளவுக்கு எடுங்கள். இரண்டு வகைக் கல் ஒட்டியிருக்கும் துண்டை வயதுக்காக எடுக்காதீர்கள். எது எதை வெட்டுகிறது என்று காட்டும் படமும், இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும், கல் கிடந்ததா, பாறையோடு ஒட்டி நின்றதா என்ற குறிப்பும் கட்டாயம் வேண்டும். கிடந்த கல் எங்கிருந்து உருண்டு வந்தது என்று யாருக்கும் தெரியாது. கல்லை அரைத்து, சலித்து, நீரில் அலசிக் கனமான மணிகளைத் தனியே எடுத்து வைத்து, காந்தத்தால் இரும்புள்ள மணிகளை நீக்கி, கடைசியில் நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் சிர்கான் மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய கட்டம் அரைவைதான். இதற்கு முன் அரைத்த வேறு ஊர்க் கல்லின் ஒரே ஒரு மணி இயந்திரத்தின் இடுக்கில் தங்கியிருந்தாலும் உங்கள் கரட்டின் கணக்கில் அது சேர்ந்துவிடும். ஆகவே கல்லை ஊரிலுள்ள கிரஷரில் உடைத்துத் தூளாக்கி அனுப்ப வேண்டாம். முழுக் கல்லாகவே, புதிய துணிப்பையில் கட்டி, எண்ணிட்டு அனுப்புங்கள்.